வீடும் நீங்களே... டிரைவரும் நீங்களே! - 40 அடி மோட்டார்ஹோமில் ஒற்றை ஆளாகச் சுற்றுவது எப்படி?

ராத்திரி பதினொரு மணி. படுக்கையில் கவிழ்ந்தபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பெரிய வண்டி. உள்ளே கட்டில், கிச்சன், பாத்ரூம், சோபா. கதவைத் திறந்தால் அரிசோனா பாலைவனம். கையில் காபி கப்போடு ஒரு பெண், பக்கத்தில் ஒரு நாய். வேறு யாருமே இல்லை. 'வாழ்ந்தா இப்படி வாழணும்டா' என்று நண்பனுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

நமக்கு கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்தான். ஹீரோ உள்ளே இருப்பார், டிரைவர் தனியாக இருப்பார், தண்ணி பிடிக்க, ஜெனரேட்டர் போட ஆட்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் 'ஆர்.வி' என்று சொல்லப்படும் மோட்டார்ஹோம்களில் இந்த வேலைகளையெல்லாம் பயணிப்பவர்களேதான் செய்ய வேண்டும். ஜோடியாகப் போனால் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் வழி பார்ப்பார். ஒருவர் ரிவர்ஸ் எடுப்பார், இன்னொருவர் பின்னால் நின்று 'வா... வா... ஸ்டாப்' என்பார். தனியாகப் போனால்?

அந்த ரீல்ஸில் காட்டாத பகுதி அதுதான். டவுன் பஸ் சைஸில் இருக்கும் ஒரு வீட்டை ஒரே ஆள் எப்படி ஓட்டுகிறார், நிறுத்துகிறார், பாதுகாப்பாகத் தூங்குகிறார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எது 'பெரிய' வண்டி?

மோட்டார்ஹோம்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வேனையே வீடாக மாற்றினால் 'கிளாஸ் பி'. வேனின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வீடு மாதிரி பெட்டி கட்டினால் 'கிளாஸ் சி'. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. பஸ் அல்லது லாரி சேஸிஸ் மேல் முழுக்க முழுக்கக் கட்டப்பட்டது 'கிளாஸ் ஏ'. பார்க்க ஆம்னி பஸ் மாதிரியே இருக்கும். சுமார் 26 அடியில் ஆரம்பித்து 45 அடி வரை போகும். உயரம் 12, 13 அடி.

இதில் கார் டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர், பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இன்றைக்கே உட்கார்ந்து ஓட்டலாம் என்பதுதான் ஆச்சர்யம். எடை 26,000 பவுண்டை, அதாவது சுமார் 11.8 டன்னைத் தாண்டினால் டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் வேறு வகை லைசென்ஸ் கேட்கும். கலிஃபோர்னியாவில் நீளம் 40 அடியைத் தாண்டினால் தனி லைசென்ஸ். மற்றபடி, நேற்றுவரை சின்ன கார் ஓட்டியவர் இன்று 12 மீட்டர் வண்டியோடு ஹைவேயில் ஏறலாம். சட்டம் விடுகிறது, சரி. கை கால் ஒத்துழைக்க வேண்டுமே!

தனி ஆட்கள் இவ்வளவு பெரிய வண்டியை ஏன் எடுக்கிறார்கள்? காரணம் ஆடம்பரம் மட்டும் இல்லை. பலர் இதை விடுமுறைக்காக வாங்குவதில்லை, வருடம் முழுக்க இதிலேயே வாழ்கிறார்கள். ரிட்டயர் ஆனவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள். வருடம் முழுக்க இருப்பதென்றால் நிமிர்ந்து நிற்க, குளிக்க, துணி வைக்க இடம் வேண்டும். தவிர, பழைய கிளாஸ் ஏ வண்டிகள் செகண்ட் ஹேண்டில் விலை நன்றாக இறங்கிக் கிடைக்கும். புது வண்டியின் விலையோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, டீசல் வண்டியென்றால் பல லட்சம் டாலர் வரை ஓடும்.

இது ஒன்றும் புது மோகமும் இல்லை. நாவலாசிரியர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-ல், தன் 58-வது வயதில், ஒரு ஜி.எம்.சி பிக்கப் டிரக்கின் மேல் சின்ன வீடு கட்டிக்கொண்டு, தன் நாய் சார்லியோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை வைத்தார். அந்தப் பயணம் 1962-ல் புத்தகமாக வந்தது. 1966-ல் வின்னபேகோ நிறுவனம் அயோவா மாநிலத்தில் மோட்டார்ஹோம்களை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கின. கொரோனா காலத்தில் ஓட்டல், விமானம் எல்லாம் பயமாகிப்போக, 2021-ல் மட்டும் ஆறு லட்சம் ஆர்.வி-க்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வந்தன. அதுதான் இதுவரையிலான உச்சம்.

ஸ்டீயரிங் பிடித்ததும் மறக்க வேண்டிய பாடங்கள்

காரில் பழகிய கை, இந்த வண்டியில் முதலில் தப்பு பண்ணும் இடம் திருப்பம். கிளாஸ் ஏ வண்டியில் டிரைவர் சீட் முன்சக்கரத்துக்கு மேலேயோ, அதற்கும் முன்னாலேயோ இருக்கும். காரில் திருப்புகிற இடத்திலேயே இதைத் திருப்பினால் பின்சக்கரம் பிளாட்ஃபார்ம் மேல் ஏறும். நம் ஊர் பஸ் டிரைவர் ஒரு முனையில் திரும்பும்போது கவனித்துப் பாருங்கள். 'என்ன இவர், நேரா போறாரே' என்று நினைக்கும்போதுதான் ஸ்டீயரிங்கை ஒடிப்பார். அதே கதைதான் இங்கேயும்.

அடுத்து, வால். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் பத்தடிக்கு மேல் வண்டி நீண்டிருக்கும். நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் அந்த வால் இடப்பக்கமாக வெளியே வீசும். பெட்ரோல் பங்க்கில் பம்ப்பை ஒட்டி நிறுத்திவிட்டு, கிளம்பும்போது சட்டென்று ஒடித்தால், பின்பக்கம் பம்ப் தூணில் உரசும். புதிதாக ஓட்டுபவர்களின் வண்டியில் பின் மூலையில் கீறல் இருப்பதற்கு இதுதான் காரணம். முதல் பத்து, பதினைந்து அடி நேராகப் போய்விட்டு அப்புறம் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, உயரம். நார்த் கரோலினாவின் டர்ஹாம் ஊரில் ஒரு ரயில்வே பாலம் இருக்கிறது. 11 அடி 8 அங்குல உயரம். எச்சரிக்கை போர்டு, சிக்னல் விளக்கு எல்லாம் வைத்தும் வாடகை டிரக்குகளும் ஆர்.வி-க்களும் வரிசையாக வந்து மேற்கூரையைப் பறிகொடுத்தன. 2008-லிருந்து அங்கே கேமரா வைத்துப் பதிவான வீடியோக்கள் உலகம் முழுக்க வைரல். 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் இடிப்பது நிற்கவில்லை. அந்த டிரைவர்களில் பலர் செய்த தப்பு ஒன்றுதான். தன் வண்டியின் உயரம் என்னவென்று அவர்களுக்கு நினைவில் இல்லை.

ஜோடியாகப் போனால் பக்கத்தில் இருப்பவர் 'ஏய், பாலம் வருது' என்பார். தனி ஆளுக்கு அந்தக் குரல் இல்லை. அதனால் அனுபவசாலிகள் கூரை மேல் இருக்கும் ஏ.சி-யையும் சேர்த்து உயரத்தை அளந்து, டேஷ்போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பார்கள். சாதாரண மேப் ஆப்களுக்கு உங்கள் வண்டி 13 அடி என்பது தெரியாது. காருக்கான குறுக்கு வழியைக் காட்டிவிடும். உயரம், நீளம், எடையைக் கொடுத்தால் அதற்கேற்ற பாதையைச் சொல்லும் தனி ஜி.பி.எஸ் கருவிகள் இருக்கின்றன. நியூயார்க் பக்கத்தில் 'பார்க்வே' என்று பெயர் போட்ட சாலைகளில் பல பாலங்கள் தாழ்வானவை. அந்தப் பெயரைப் பார்த்தாலே ஒதுங்கிவிட வேண்டும். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் உலகப் புகழ்பெற்ற 'கோயிங் டு த சன்' மலைச்சாலையின் முக்கியமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே கிடையாது. 40 அடி வண்டி வைத்திருப்பவர் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

நான்காவது, காற்று. பக்கவாட்டில் சுவர் மாதிரி இருக்கும் வண்டியை, வயோமிங் மாதிரி வெட்டவெளிச் சாலைகளில் வீசும் பலத்த காற்று அடுத்த லேனுக்கே தள்ளிவிடும். அப்படி ஒரு நாளில் செய்ய வேண்டிய ஒரே விஷயம், ஓட்டாமல் இருப்பது. தங்குமிடத்துக்கு ஒரு நாள் வாடகை கூடுதலாகப் போனால் போகட்டும்.

தனியாக ஓட்டுபவர்களிடையே '3-3-3' என்று ஒரு விதி பிரபலம். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. மாலை 3 மணிக்குள் போய்ச் சேர். ஓர் இடத்தில் 3 நாளாவது தங்கு. 300 மைல் என்றால் சுமார் 480 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டும் தூரம். 'காரில் ஆறு மணி நேரத்துல போயிடலாமே' என்று தோன்றும். ஆனால் மாற்றி ஓட்ட ஆள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இருட்டிய பிறகு, தெரியாத இடத்தில், தனி ஆளாக 40 அடி வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் நிலைமை வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 3 மணி.

பின்னால் நிற்க ஆள் இல்லை

தனிப் பயணத்தில் பலருக்கும் பயம் தரும் வேலை ரிவர்ஸ். இதற்கு முதல் தீர்வு, ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாத இடத்தை புக் செய்வது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் 'புல் த்ரூ' இடங்கள் பல முகாம்களில் உண்டு. கொஞ்சம் காசு அதிகம். தனி ஆளுக்கு அந்தக் காசு நஷ்டமே இல்லை.

வேறு வழியில்லை என்றால், லாரி டிரைவர்கள் உலகத்திலிருந்து வந்த ஒரு பழக்கம்: 'இறங்கிப் பார்'. பத்தடி பின்னால் போ, நிறுத்து, இறங்கு, சுற்றிப் பார், மறுபடி ஏறு. ஐந்து முறை இறங்கினாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கூம்பை வைத்துவிட்டு ஏறினால் கண்ணாடியில் தெரியும். பின்பக்க கேமரா தரையைக் காட்டும். மேலே தொங்கும் மரக்கிளையைக் காட்டாது. அதனால், இறங்கும்போது ஒரு தடவை அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. இவ்வளவு பெரிய வண்டியில் பால் வாங்கக் கடைக்குப் போக முடியாது. அதனால் பலர் ஒரு சின்ன காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி கட்டியிருந்தால் வண்டியை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. காரின் முன்சக்கரம் கோணலாகத் திரும்பி இணைப்புக் கம்பி வளைந்துவிடும். தெரியாமல் முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் நடுரோட்டில் காரைக் கழற்றி, அதைத் தனியாக ஓட்டிப் போய் ஓரமாக நிறுத்திவிட்டு, நடந்து வந்து வீட்டை ரிவர்ஸ் எடுத்து, மறுபடி காரைக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆள். அதனால் ஒரு கடைக்குள் நுழையும் முன் வெளியேறும் வழி எது என்று சேட்டிலைட் மேப்பில் பார்த்துக்கொள்வது தனி ஆட்களின் அன்றாடப் பழக்கம்.

தண்ணி, கரென்ட், கழிவு

இந்த வீட்டில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு 'கிரே டேங்க்'. டாய்லெட்டுக்கு 'பிளாக் டேங்க்'. 300 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 300 கிலோ எடை ஏறுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிளாக் டேங்க்கை காலி செய்வதைத்தான் எந்த வீடியோவும் அழகாகக் காட்ட முடியாது. முகாம்களில் இதற்கென்றே கழிவுக் குழாய் இருக்கும். கையுறை மாட்டி, தடிமனான டியூபை இணைத்து, முதலில் பிளாக், பிறகு கிரே. இந்த வரிசை முக்கியம். சோப்புத் தண்ணீர் கடைசியில் போனால் டியூபைக் கழுவிக்கொண்டே போகும். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, கனெக்‌ஷன் இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது. தண்ணீர் மட்டும் ஓடிவிட, மற்றது உள்ளேயே மலை மாதிரி குவிந்து இறுகிவிடும். அப்புறம் அதைச் சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டும். மூடி வைத்து, முக்கால்வாசி நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறப்பதுதான் சரி.

கரென்ட்டுக்குப் பெரிய வண்டிகள் 50 ஆம்ப் பிளக் வைத்திருக்கும். இரண்டு ஏ.சி-யையும் ஓட்டலாம். 30 ஆம்ப் பிளக் மட்டும் இருக்கும் இடத்தில் கிடைப்பது 3,600 வாட்தான். ஏ.சி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் டிரிப் ஆகும். எந்த கனெக்‌ஷனும் இல்லாத இடத்தில் பேட்டரி, சோலார், ஜெனரேட்டர். தனி ஆளுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. நான்கு பேர் குடும்பம் மூன்று நாளில் தீர்க்கும் தண்ணீரை, சிக்கனமான ஒரு ஆள் பத்து நாளைக்கும் மேல் ஓட்டிவிடலாம்.

எரிபொருள்தான் ஈவு இரக்கமில்லாதது. ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல வண்டி. 480 கிலோமீட்டர் ஓட்டினால் 140 லிட்டர் காலி. பங்கு போட்டுக்கொள்ள நண்பர்களும் இல்லை. இதனால்தான் வருடம் முழுக்க வண்டியில் வாழ்பவர்கள் ரொம்ப ஓட்டுவதில்லை. சீசனுக்கு ஓர் இடம் என்று நின்றுவிடுகிறார்கள்.

எங்கே நிறுத்துவது?

தனியார் முகாம்களில் தண்ணீர், கரென்ட், கழிவு இணைப்போடு ஒரு இரவுக்கு 40 டாலரில் தொடங்கி, இடத்தையும் சீசனையும் பொறுத்து எகிறும். தேசியப் பூங்கா முகாம்கள் மலிவு. ஆனால் பல முகாம்கள் சின்ன வண்டிகளின் காலத்தில் கட்டப்பட்டவை, 40 அடி வண்டி திரும்பவே முடியாது. வால்மார்ட் பார்க்கிங்கில் ஒரு இரவு தூங்குவது அமெரிக்காவில் பிரபலமான பழக்கம். அது அந்தந்த கடை மேனேஜரின் அனுமதியைப் பொறுத்தது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவதே மரியாதை.

மேற்கு மாநிலங்களில் அரசு நிலம் பரந்து கிடக்கிறது. நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம் பராமரிக்கும் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அதற்குப் பிறகு நகர்ந்துவிட வேண்டும். அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சின்ன ஊருக்கு வெளியே அதே துறை நடத்தும் நீண்டகாலத் தங்குமிடம் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம். 1983-லிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. குளிர்காலத்தில் அந்தப் பாலைவனம், சக்கரம் வைத்த ஊராக மாறிவிடும்.

'ராத்திரி பயமா இருக்காதா?'

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. குறிப்பாகப் பெண்களிடம். இதற்கு மோட்டார்ஹோமின் அமைப்பிலேயே ஒரு பதில் இருக்கிறது. காரில் இழுத்துப் போகும் டிரெய்லர் வீட்டில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் வெளியே இறங்கித்தான் காருக்குப் போக வேண்டும். மோட்டார்ஹோமில் கட்டிலிலிருந்து எழுந்து, நடந்து வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும். கதவையே திறக்க வேண்டாம். தனியாகப் பயணிக்கும் பெண்கள் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் இதிலும் ஒரு கண்டிஷன். பெரிய வண்டிகளில் பட்டனைத் தட்டினால் சுவரே வெளியே நகர்ந்து ஹால் பெரிதாகும் 'ஸ்லைடு அவுட்' இருக்கும். வண்டி ஆடாமல் இருக்க அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகள் இறங்கும். அவற்றை விரித்து வைத்துவிட்டால் அவசரத்துக்குக் கிளம்ப முடியாது. அதனால் ஒரே ஒரு இரவு, தெரியாத இடம் என்றால் எதையும் விரிக்காமல், வண்டியின் முகம் வெளியேறும் வழியைப் பார்த்தபடி நிறுத்தி, டிரைவர் சீட்டில் சாமான் எதுவும் வைக்காமல் தூங்குகிறார்கள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிட வேண்டும் என்பது பழைய ஆட்கள் சொல்லும் பாடம்.

உண்மையில், வெளியாட்களைவிட வண்டிக்குள் இருக்கும் ஆபத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கூட ஆள் இருந்தால் ஒருவருக்குத் தலைசுற்றும்போதாவது இன்னொருவர் சுதாரிக்க ஒரு வாய்ப்பு உண்டு. தனி ஆளுக்கு அந்த வாய்ப்பு, சுவரில் இருக்கும் அலாரம் மட்டும்தான். அது, புகை அலாரம், கேஸ் கசிவு அலாரம் ஆகிய மூன்றையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. படுக்கையறையில் இருக்கும் அவசர ஜன்னலை வண்டி வாங்கிய அன்றே ஒருமுறை திறந்து, உண்மையிலேயே அதன் வழியாக இறங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்.வி-யில் தீப்பிடித்தால் யோசிக்க நேரம் இருக்காது.

அடுத்தது டயர். மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நிற்கும். பட்டன் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் வயதாகிவிடும். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் நான்கு எண்களில் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஆறேழு வருடமான டயரை நம்பி ஹைவேயில் ஏறக் கூடாது. அந்த வேகத்தில் முன் டயர் வெடித்தால், பிடித்து நிறுத்த இருப்பது உங்கள் இரண்டு கைகள் மட்டுமே.

உடம்பு முடியாமல் போனால்? இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி ரொம்ப எளிமை. தினமும் ஒரு ஆளுக்கு ஒரு மெசேஜ். எங்கே இருக்கிறேன், எந்த முகாம், எந்த நம்பர் இடம். 'காலை பத்து மணிக்குள் என்னிடமிருந்து மெசேஜ் வரவில்லை என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று முன்கூட்டியே பேசி வைப்பது. செல்போன் சிக்னல் இல்லாத பகுதிகளுக்கு சேட்டிலைட் வழியாக எஸ்.ஓ.எஸ் அனுப்பும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. 2022-லிருந்து ஐபோன்களிலும் அந்த வசதி வந்திருக்கிறது.

கிளம்பும் முன் கடைசியாக, செக் லிஸ்ட். ஸ்லைடு உள்ளே போச்சா, ஜாக்கி ஏறிடுச்சா, கரென்ட் ஒயர், தண்ணி டியூப், கழிவு டியூப் கழற்றியாச்சா, படிக்கட்டு மடக்கியாச்சா, கூரை ஜன்னல் மூடியாச்சா, ஃபிரிட்ஜ் கதவு பூட்டியாச்சா. இதைப் பேப்பரில் எழுதி டிக் அடிக்க வேண்டும், மனப்பாடம் எல்லாம் வேலைக்கு ஆகாது. பாதியில் பக்கத்து வண்டிக்காரர் வந்து 'குட் மார்னிங்' சொல்லிப் பேச்சுக் கொடுத்தால், அவர் போன பிறகு லிஸ்ட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரென்ட் ஒயரோடு வண்டியை இழுத்துக்கொண்டு போன கதைகள் பலவும் இப்படி ஒரு அரட்டையில்தான் ஆரம்பித்திருக்கும்.

தனியாக இருப்பதும், தனிமையும்

2021-ல் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' நினைவிருக்கிறதா? ஜெஸிக்கா புரூடர் 2017-ல் எழுதிய நூலை வைத்து எடுத்தது. அதில் நாயகி ஃபெர்ன் இருப்பது பெரிய மோட்டார்ஹோமில் இல்லை, ஒரு பழைய வேனில். கணவரும் போய், ஊரே காலியான பிறகு சாலைக்கு வந்தவள். அமேசான் கிடங்கில் சீசன் வேலை, முகாமில் சுத்தம் செய்யும் வேலை என்று ஓடுகிறாள். அந்தப் படத்தில் நிஜமாகவே வண்டியில் வாழும் சிலர் அவர்களாகவே நடித்திருந்தார்கள். ரீல்ஸில் வரும் காபி கப் பெண்ணும் ஃபெர்னும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். ஒருவருக்கு அது ஆசை, இன்னொருவருக்கு அது கடைசி வழி. வண்டியைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது.

இவர்களுக்கு ஆறுதல் தருவது, இன்னொரு தனி ஆள்தான். 1969-லேயே எடித் லேன் என்ற பெண், தனியாக முகாம் போகிறவர்களுக்கென்று 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு முகாம் என்றாலே குடும்பம், ஜோடி. தனி ஆளை வினோதமாகப் பார்த்த காலம். 1999-ல் பெண்களுக்கென்றே 'சிஸ்டர்ஸ் ஆன் த ஃபிளை' வந்தது. 2010-லிருந்து பாப் வெல்ஸ் என்பவர், குளிர்காலத்தில் குவார்ட்சைட் பக்கத்தில் வண்டிவாசிகளைக் கூட்டி, சோலார் மாட்டுவது முதல் டாய்லெட் வரை சொல்லிக்கொடுக்கும் சந்திப்பை நடத்தத் தொடங்கினார்.

இதில் எல்லாவற்றையும்விட மனசைத் தொடுவது 1978-ல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' சங்கத்தின் வேலை. நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்கு டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் ஒரு முகவரி கொடுத்து, கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. அதே ஊரில் ஒரு பராமரிப்பு மையமும் உண்டு. வயதாகி, உடம்பு முடியாமல் இனி ஓட்ட முடியாது என்ற நிலை வந்தவர்கள், தங்கள் வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே வாழலாம். சமைத்துக் கொடுக்க, டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்கள் உண்டு. சக்கரம் நின்ற பிறகும் அவர்கள் வீடு மாற வேண்டியதில்லை.

ஆசை இருக்கிறதா?

அமெரிக்காவில் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கிறீர்கள், ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்று தோன்றினால், நேராக 40 அடிக்குத் தாவாதீர்கள். வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி கிளாஸ் சி போதும். குறைந்தபட்ச வயது, வெளிநாட்டு லைசென்ஸ் ஏற்பு ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். தினசரி வாடகையைத் தவிர ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பட்ஜெட்டில் ஓட்டை விழும் இடம் அதுதான்.

வண்டியை வாங்கியதும் ஹைவே ஏறாமல், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஒரு பெரிய பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் திருப்பி, ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவை ஊருக்கு அரை மணி தூரத்தில் இருக்கும் முகாமில் கழியுங்கள். எந்த பட்டன் வேலை செய்யவில்லை, எந்த டியூப் ஒழுகுகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். திரும்பிப் போய்க் கேட்கலாம். கிராண்ட் கேன்யன் ஓரத்தில் நின்றுகொண்டு கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அந்த ரீல்ஸை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். காபி, பாலைவனம், நாய் எல்லாமே உண்மைதான். அந்த 15 விநாடிக்கு முன்னால் அந்தப் பெண் ஐந்து முறை இறங்கி ஏறி வண்டியை நிறுத்தியிருப்பார். கையுறையைக் கழற்றிக் கை கழுவியிருப்பார். அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்திருப்பார். எங்கோ இருக்கும் தங்கைக்கோ தோழிக்கோ 'வந்து சேர்ந்துட்டேன்' என்று ஒரு மெசேஜ் தட்டியிருப்பார். காபியை அதற்கப்புறம்தான் போட்டிருப்பார்.